சாக்கடைக்குக் காவலர் யார்?

மாரி மழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு மாலைப்பொழுது. உயர்தர வகுப்பு மாணவர் சிலருடன் திருகோணமலைக் கடற்கரையோரமாக நடந்துகொண்டிருந்தேன். வீதிக் கான் ஒன்று கடலிற் கலக்கும் இடத்தை அடைந்ததும் எல்லோருடைய கால்களும் தாமாகவே நின்றன. மழைநீரோடு கலந்து வந்த கறுத்த நீர். அதன்மேல் பல நிறங்காட்டி மிதந்த எண்ணெய்ப் படலம். சமையற் கழிவின் புளித்த நாற்றம். மூக்கைப் பொத்திக்கொண்டு விலகியவர்களுள் ஒருவன் மட்டும் திரும்பி வந்தான். கான் வந்த வழியைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்று, என்னிடம் கேட்டான்:

“சேர், இது ஆர் விட்ட தண்ணி எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?”

என்னிடம் விடை இருக்கவில்லை. “அதற்கென்று அதிகாரிகள் இருக்கிறார்கள்” என்று சொல்லி அப்போதைக்குத் தப்பிக்கொண்டேன். வீடு வந்த பின்னரும் அக்கேள்வி என்னை விடவில்லை. உலகின் பெருநகரங்கள் இதே கேள்விக்கு எவ்வாறு விடை கண்டன என்று தேடிப் படித்தேன். அம்மாணவனுக்கு நான் பிந்திச் சொல்லும் விடையே இக்கட்டுரை.

வரும் நீரும் போகும் நீரும்

நீரைக் காவல் செய்யும் கலை நம் மாவட்டத்தார்க்குப் புதியதன்று. குளக்கோட்டு மன்னன் கட்டுவித்தான் என மரபு பேசும் கந்தளாய்க் குளத்தின் நீர், அவரவர் விருப்பப்படி திறந்து அவரவர் விருப்பப்படி அடைக்கப்படுவதில்லை. மதகுக்கு முறை உண்டு. வாய்க்காலுக்கு வட்டவிதானை உண்டு. முறை தப்பி வரம்பை வெட்டியவன் ஊரார் முன்னிலையில் பதில் சொல்லியாக வேண்டும். இன்று நகர மக்கள் குடிக்கும் குழாய்நீரும் அக்கந்தளாயிலிருந்தே வருகின்றது.

ஆனால், வரும் நீருக்கு இத்துணைக் காவல் வைத்த நாம், போகும் நீருக்கு யாரைக் காவல் வைத்தோம்? கண்ணுக்கு மறைந்தால் போதும், காலுக்குத் தட்டுப்படாமல் ஓடினால் போதும் என்றல்லவா எண்ணுகிறோம்? இவ்வெண்ணம் நம்முடையது மாத்திரமன்று. ஒரு காலத்தில் உலகம் முழுவதிலும் இவ்வெண்ணமே இருந்தது.

1858ஆம் ஆண்டுக் கோடையில் இலண்டன் மாநகரின் தேம்ஸ் நதி நாறியது. நதிக்கரையில் அமைந்த பாராளுமன்றத்தில் உறுப்பினர்கள் அமர்ந்திருப்பதே அரிதாயிற்று. ஆண்டுக்கணக்காக ஒத்திப் போடப்பட்ட சட்டம் அந்நாற்றத்தின் புண்ணியத்தால் சில வாரங்களிலே நிறைவேறியது. யோசேப் பசல்கெற் என்னும் பொறியியலாளர் நகரின் அடியிற் பெருஞ் சாக்கடைகளை அமைத்தார்.

சாக்கடை வந்தது, அதனோடு வேறொரு வினாவும் வந்தது. வீட்டுக் கழிவுக்கென அமைந்த வழியிலே சாயப்பட்டறையும் தோற்சாலையும் உலோகத் தொழிற்சாலையும் தத்தம் கழிவை விடலாமா? இங்கிலாந்தில் 1937ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் இதற்கு ஒரு நடுவழி கண்டது. தொழில் நடத்துவோர் தம் கழிவுநீரைப் பொதுச் சாக்கடையில் விடலாம். ஆனால் எதை விடப்போகிறோம், எவ்வளவு விடப்போகிறோம் என்று முன்கூட்டியே அறிவித்து, சம்மதம் பெற்று, விதிக்கப்படும் நிபந்தனைக்கு அமைந்தே விடவேண்டும். பொதுவானதுதானே, எதையும் விடலாம் என்பது பழைய நியாயம். பொதுவானது, ஆகையால் கேட்டே விடவேண்டும் என்பது புதிய நியாயம். இன்று உலக நகரங்களிலுள்ள விதிகளுக்கெல்லாம் அடிப்படை இந்த ஒரு கருத்தே.

மூச்சுக்கு அளவு உண்டு

கழிவுநீரின் கொடுமையை எவ்வாறு அளப்பது? அதிலுள்ள அழுக்கைக் கிருமிகள் தின்று தீர்ப்பதற்கு எவ்வளவு ஒட்சிசன் வேண்டும் என்று பார்ப்பதே பெருவழக்கான அளவை. மாதிரி நீரை 20 பாகை வெப்பத்தில் ஐந்து நாட்கள் வைத்துக் கணக்கிடுவர். இதனை உயிர்வேதியியல் ஒட்சிசன் தேவை என்பர்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 பாகை வெப்பமுள்ள நன்னீர், ஒரு லீற்றரில் ஏறத்தாழ 7½ மில்லிகிராம் ஒட்சிசனையே கரைத்து வைத்திருக்கும். கடல்நீரில் அது இன்னும் குறைவு. லீற்றருக்கு 750 மில்லிகிராம் ஒட்சிசன் கேட்கும் கழிவுநீரை எடுத்துக்கொண்டால், அதில் ஒரு லீற்றரே 100 லீற்றர் நன்னீரின் மூச்சு முழுவதையும் உறிஞ்சப் போதுமானது. மீன் கழுவிய நீரும் இறைச்சிக்கூடத்து நீரும் இதனிலும் கடுமையாக இருப்பதுண்டு. மீன்கள் செத்து மிதப்பதற்கு எப்போதும் நஞ்சு வேண்டியதில்லை. மூச்சுத் திணறலே போதும்.

இதனாலேயே சட்டங்கள் எண்களாற் பேசுகின்றன. இந்திய நாட்டு விதிப்படி, ஆறு குளங்களில் விடும் கழிவுநீருக்கு இவ்வளவை லீற்றருக்கு 30 மில்லிகிராம். பொதுச் சாக்கடையில் விடுவதற்கோ 350 மில்லிகிராம். சிங்கப்பூரிற் பொதுச் சாக்கடைக்கு 400. ஆற்றுக்கு இத்துணைக் கண்டிப்பும் சாக்கடைக்கு இத்துணைத் தாராளமும் ஏன்? சாக்கடையின் மறுமுனையில் ஒரு சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது, எஞ்சிய வேலையை அது செய்யும் என்ற நம்பிக்கையே காரணம். அந்நிலையத்தில் வேலை செய்பவை கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். சோறும் சவர்க்காரமும் வந்தால் அவை செரித்துவிடும். ஈயமும் குரோமியமும் அமிலமும் வந்தால் அவையே மாண்டுபோகும். ஆகவே இத்தகைய பொருட்களைத் தொழிற்சாலை தன் வாயிலிலேயே பிரித்தெடுத்த பின்னர்தான் நீரை வெளியே விடவேண்டும்.

வாயிலிற் பிரிக்காவிட்டால் என்ன நேரும்? 1981ஆம் ஆண்டு பெப்ரவரி 13ஆந் திகதி விடியுமுன், அமெரிக்காவின் லூயிவில் நகரில் வீதிகள் வெடித்துப் பிளந்தன. சோயா அவரையில் எண்ணெய் பிழியும் ஆலையொன்றிலிருந்து ஹெக்சேன் என்னும் எளிதில் தீப்பற்றும் திரவம் சாக்கடைக்குள் கசிந்து ஆவியாகியிருந்தது. மேலே சென்ற மோட்டார் வண்டியொன்றின் தீப்பொறி அதற்குப் போதுமாயிற்று. இரண்டு மைலுக்கு மேற்பட்ட வீதி நாசமாயிற்று. நல்வாய்ப்பாக அன்று உயிரிழந்தார் எவருமில்லை. மெக்சிக்கோ நாட்டுக் குவாதலஹாரா நகரத்தார்க்கு அந்த நல்வாய்ப்புக் கிட்டவில்லை. 1992 ஏப்ரில் 22ஆந் திகதி, சாக்கடைக்குட் கசிந்த பெற்றோல் வெடித்து 200க்கு மேற்பட்டோர் மாண்டனர். சாக்கடையிலிருந்து பெற்றோல் மணக்கிறது என்று முன்னரே மக்கள் முறையிட்டிருந்தனர் என்பதுதான் இதில் நெஞ்சைச் சுடும் செய்தி.

கள்வனைப் பிடிக்கும் வகை

இனி, மாணவனின் கேள்விக்கு வருவோம். பல்லாயிரம் வீடுகளிலும் கடைகளிலுமிருந்து வரும் நீர் ஒன்றாய்க் கலந்தபின் அதில் இன்னாருடையது இது என்று பிரித்தறிய முடியுமா?

கலந்தபின் அரிது, கலக்குமுன் எளிது. இதுவே நகரங்கள் கற்றுக்கொண்ட முதற்பாடம். ஆகையால் ஒவ்வொரு தொழிற்சாலையின் குழாயும் பொதுச் சாக்கடையைச் சேருமுன், அதன் எல்லையிலே ஒரு சோதனைக்குழி இருக்கவேண்டும் என விதிப்பர். பரிசோதகர் எந்நேரமும் வந்து மூடியைத் திறந்து மாதிரி எடுக்கலாம். ஒரு குவளை நீர் ஒரு கணத்தின் கதையை மட்டுமே சொல்லும். எனவே 24 மணிநேரமும் சிறிது சிறிதாக நீரைச் சேர்த்துவைக்கும் கருவியையும் பொருத்துவதுண்டு. எடுத்த மாதிரியைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து முத்திரையிட்டு, யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று என்று ஒப்பத்துடன் எழுதுவர். இச்சிறு கடதாசி தவறினால், நீதிமன்றத்தில் வழக்கும் தவறிவிடும்.

கள்வனோ பல வழி அறிந்தவன். நல்ல நீரைக் கலந்து கழிவை ஐதாக்கிக் காட்டுவான். இதனை அமெரிக்க விதி வெளிப்படையாகவே தடுக்கின்றது. இரவில் விடுவான், மழை நாளில் விடுவான். அப்போது பரிசோதகர் மரத்தின் நுனிக் கிளையிலிருந்து வேரைத் தேடுவதைப்போல மேல்நோக்கிப் போவார். முதன்மைச் சாக்கடையில் நஞ்சு தென்பட்டால், இரு கிளைகள் சந்திக்கும் இடத்துக்குச் சென்று எக்கிளையில் அது வருகிறது என்று பார்ப்பார். பின் அக்கிளையின் கிளை. இவ்வாறு நான்கைந்து குழிகளைத் திறந்தால் தெரு தெரிந்துவிடும். இன்னும் இரண்டைத் திறந்தால் வாயில் தெரிந்துவிடும். இரகசியக் குழாய் உண்டென்ற ஐயமிருந்தால் ஒளிரும் சாயத்தை ஓரிடத்திற் கரைத்துவிட்டு எங்கே வெளிப்படுகிறது என்று காண்பர். நீர் ஓடிப்போனாலும் சாக்கடைச் சுவரிற் படிந்த வழுவழுப்பான படை ஓடிப்போவதில்லை. உலோகங்களை அது தன்னுட் பிடித்து வைத்திருப்பதால், பல நாளைக்கு முன் நடந்ததற்கும் அது சாட்சி சொல்லும்.

கண்டுபிடித்த பின்? முதலில் அறிவித்தல், பின் தவணை, பின் தண்டம், ஈற்றில் இணைப்பை அடைத்தல் என்று படிப்படியாகச் செல்வது வழக்கம். தண்டம் சிறியதாயின் அதனைத் தொழிலின் செலவோடு செலவாக எழுதிவிட்டுக் குற்றம் தொடரும். ஆகவே குற்றத்தால் மிச்சமான பணத்தினும் தண்டம் பெரிதாக இருக்கவேண்டும் என்பர். இங்கிலாந்தில் நீரின் அளவையும் அழுக்கின் செறிவையும் சேர்த்துக் கட்டணம் கணிக்கிறார்கள்; அழுக்கைக் குறைத்தவனுக்குக் கட்டணமும் குறையும். அமெரிக்காவிலோ நகரங்களுக்கு இன்னொரு கடமையும் உண்டு. விதியைப் பெரிதும் மீறிய தொழிற்சாலைகளின் பெயர்களை ஆண்டுக்கொரு முறை செய்தித்தாளில் வெளியிட வேண்டும். பணத்துக்கு அஞ்சாதவரும் பழிக்கு அஞ்சுவர் என்பதை அவர்களும் அறிந்திருக்கிறார்கள்.

தாமதித்த கண்டிப்பின் விலை

சிலர் கேட்கலாம்: “பிழைப்பு நடத்துபவனை இத்துணை நெருக்குவது இரக்கமா?” அவர்களுக்குத் திருப்பூரின் கதையைச் சொல்வேன்.

பின்னலாடைக்குப் பேர்போன அந்நகரின் சாயக் கழிவு ஆண்டாண்டாக நொய்யல் ஆற்றிற் கலந்தது. பாசனத்துக்கெனக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயநீரின் தேக்கமாயிற்று. அந்நீரைத் தங்கள் வயலிலே விடவேண்டாம் என்று உழவர்கள் வழக்காடினார்கள். நீதிமன்றம் 2006இல் கட்டளையிட்டது, தவணை கொடுத்தது. தவணைகள் கழிந்தன. 2011ஆம் ஆண்டு சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத நிலை வரும்வரை சாயப்பட்டறைகளை மூடும்படி ஆணையிட்டது. 700க்கு மேற்பட்ட பட்டறைகள் ஒருமிக்க அடைபட்டன. அன்றாடங் காய்ச்சிகளான தொழிலாளர் பலர் வேலையிழந்து ஊர் திரும்பினர். சின்னஞ் சிறு தவறுகளைக் காலத்தே வாயிலிற் பிடித்திருந்தால், இப்பேரிடி அவர்கள் தலையில் விழுந்திராது. காலத்தாற் செய்யும் கண்டிப்பே உண்மையான இரக்கம்.

நம் ஊர் நிலை

இலங்கையில் கொழும்பு நகருக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலக்கீழ்ச் சாக்கடை அமைந்தது. ஜா-எல, இரத்மலானை முதலிய இடங்களிற் பிற்காலத்தில் வந்த திட்டங்கள் தொழிற்சாலைக் கழிவையும் ஏற்றுச் சுத்திகரிக்கின்றன. நம் திருகோணமலையிலோ பெரும்பாலான வீடுகள் பொதுச் சாக்கடையோடு இணைந்தவை அல்ல. மலசலகூடத்துக்கு நிலத்திற் குழி. குழி நிறைந்தால் உறிஞ்சிச் செல்ல பவுசர். சமையலறைக்கும் குளிப்பறைக்கும் வளவு மண், அல்லது வீதிக் கான்.

இங்கேதான் நாம் ஆழ்ந்து சிந்திக்கவேண்டும். மறுமுனையில் சுத்திகரிப்பு நிலையம் இருக்கும் நகரத்திற்கே சாக்கடைத் தாராளம் பொருந்தும். நம் வீதிக் கானின் மறுமுனையில் இருப்பது கடல் அல்லவா? 2008ஆம் ஆண்டு வெளியான ஒழுங்குவிதிகள், கரையோரக் கடலில் விடும் தொழிற் கழிவுநீருக்கு மேலே சொன்ன அளவை 100 மில்லிகிராம் என்றும், உள்நாட்டு நீர்நிலைகளில் விடுவதற்கு 30 என்றும் வரையறுத்தன. நமது உட்துறைமுகமோ உலகு புகழும் இயற்கைத் துறைமுகம். நிலம் அணைத்துக் காப்பதாலேயே அது கப்பலுக்குப் புகலிடமாயிற்று. அந்த அணைப்பினாலேயே அதன் நீர் திறந்த கடலின் நீரைப்போல் விரைந்து மாறுவதுமில்லை. கப்பலைக் காப்பாற்றும் குணமே கழிவையும் தங்கவைக்கும் குணமாகிறது.

நிலத்தின் கதையும் அதுதான். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து மணல், குழியில் விட்டதைக் கிணற்றுக்குக் கொண்டுசெல்லத் தயங்காது. சுன்னாகத்தில் மின்னிலையத்தின் எண்ணெய்க் கழிவு நிலத்தடி நீரிற் கலந்த வழக்கை நாம் மறந்திருக்க மாட்டோம். மாசு செய்தவனே ஈடு செய்யவேண்டும் என்ற நெறிப்படி, 2019 ஏப்ரிலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தப் பணித்தது. தீர்ப்பு நன்றே. ஆயினும் கெட்ட கிணற்றைத் தீர்ப்பு உடனே திருத்தித் தருவதில்லை.

சட்டம் நம்மிடம் இல்லாமலில்லை. 1862ஆம் ஆண்டிலிருந்தே தொல்லைகள் பற்றிய கட்டளைச் சட்டம் உண்டு. 1979ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின்படி, பொதுத் தொல்லையை அகற்றுமாறு நீதவான் கட்டளையிடலாம். 1980ஆம் ஆண்டுத் தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு 1988இல் வந்த திருத்தம், கழிவு வெளியிடும் தொழில்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரத்தைக் கட்டாயமாக்கியது. பெரிய தொழில்களுக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் சிறியவற்றுக்கு உள்ளூராட்சி மன்றமும் அதனை வழங்கும் என முறை வகுக்கப்பட்டது. குறைவாயிருப்பது சட்டமன்று, சோதனைக்குழி. அதாவது, யாருடைய நீர் என்று அறியும் வாயில்.

அவ்வாயிலைச் சாக்கடை வருமுன்னரே நாம் அமைக்கலாம். உணவுச்சாலை ஒவ்வொன்றும் எண்ணெய் தேங்கும் தொட்டியொன்றைக் கட்டி, கிரமமாக வழித்தெடுத்து, வழித்த திகதியை எழுதிவைக்கலாம். பவுசர் எந்த வீட்டில் ஏற்றியது, எங்கே இறக்கியது என்று ஒரு புத்தகம் இருக்கலாம். அமெரிக்க விதியும் வண்டியிற் கொண்டுவரும் கழிவைக் குறித்த இடத்திலன்றி வேறெங்கும் கொட்டலாகாது என்றே சொல்கிறது. வீதிக் கானிற் புதிதாக ஒரு குழாய் திறக்குமானால், அது யாருடையது என்ற குறிப்புச் சபையில் இருக்கலாம். இவற்றுக்குக் கோடிகள் வேண்டியதில்லை. ஒரு கொப்பியும் ஒரு பேனையும் கொஞ்சம் கண்டிப்பும் போதும்.

இல்லத்தரசியருக்கும் ஒரு வார்த்தை. பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். 2017இல் இலண்டனின் வைற்சப்பல் பகுதியில் 250 மீற்றர் நீளமும் 130 தொன் நிறையுமுள்ள கொழுப்புக் கட்டியொன்று சாக்கடையை அடைத்துக் கிடந்தது. அது ஒரு தொழிற்சாலையின் குற்றமன்று. எண்ணற்ற சமையலறைகளின் சேமிப்பு.

கானின் வழியே ஒரு நடை

சில வாரங்களின் பின் ஒரு சனிக்கிழமை காலை, அதே மாணவரை அழைத்துக்கொண்டு அதே கானின் முகத்துக்குப் போனேன். கையில் வரைபடக் கொப்பி. பரிசோதகர் செய்வது போலக் கடலிலிருந்து மேல்நோக்கி நடந்தோம். கானுக்குள் திறந்த குழாய் ஒவ்வொன்றையும் அவர்கள் குறித்தார்கள். விரல்விட்டு எண்ணத் தொடங்கிய எங்களுக்கு விரல்கள் போதவில்லை. கிளை பிரிந்த இடத்தில் நாங்களும் கிளை பிரிந்து, ஈற்றில் ஒரு தெருவுக்குள் நுழைந்தோம். அது நான் குடியிருக்கும் தெரு.

கேள்வி கேட்ட அந்த மாணவன் ஒரு மதிலடியிற் குனிந்து பார்த்தான். மதிலைத் துளைத்துக்கொண்டு ஒரு குழாய் கானுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. காலையிற் பாத்திரம் கழுவிய நீர் அதிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அது என் வீட்டுச் சமையலறைக் குழாய்.

வீடு கட்டிய காலத்தில் மேசன் வைத்த குழாய்தான். இத்தனை ஆண்டுகளாக நான் ஒருமுறையேனும் மதிலுக்கு அப்பால் எட்டிப் பார்த்ததில்லை. “கொப்பியிற் குறி, தம்பி” என்றேன். அவன் குறித்துக்கொண்டான். மறுவாரம் வளவுக்குள் ஒரு சிறு தொட்டியும், கிணற்றுக்குத் தூரமாக ஓர் ஊறுகுழியும் வெட்டுவித்து, அக்குழாயை அடைத்தேன். அது முடிந்த பின்னரே இக்கட்டுரையை எழுத எனக்குத் துணிவு வந்தது.

சாக்கடைக்குக் காவலர் யார் என்ற கேள்வியை இனி நான் முதலில் அதிகாரியிடம் கேட்கப் போவதில்லை. அவரிடமும் கேட்போம், கேட்கவேண்டியது நம் உரிமை. ஆனால் அதற்கு முன், ஒவ்வொருவரும் இன்று மாலை ஒருமுறை வெளியே சென்று, நம் வீட்டு மதிலுக்கு அப்பால் எட்டிப் பார்ப்போமா?